பட்டியலில் நின்ற ஒரே பெயர்

கல்மடைப்புதூரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேமுக்கால் மணிக்கு நாற்பத்தோரு பேருடைய பெயர்கள் ஊர் வாயிலிருந்து கழன்று போயின. இடி இடிக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருந்த கம்பெனியில் பூவாத்தாள் என்கிற நாற்பத்தாறு வயதுக்காரி விசைப்பலகையில் ஒரு சின்னக் கோட்டை நாற்பத்தோரு தடவை தட்டினாள், அவ்வளவுதான். கழன்று போன பெயர்களில் முதல் பெயர் மாரப்பன். அவன் அவளுடைய தம்பி.

அந்த ஊரில் எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்று நகராட்சியிலேயே வரைபடம் கிடையாது. ஆனால் எந்த வால்வை எவன் திருகுவான் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மாரப்பன் வால்வு, பொன்னுக்குட்டி வால்வு, நொண்டி அங்கமுத்து வால்வு என்றுதான் பேச்சு. ஆகவே நகராட்சித் தண்ணீரைக் கணினியில் கட்டி மேய்க்கிற வேலை கம்பெனிக்கு வந்தபோது, ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு தின்றுகொண்டே விரிசல் விட்ட கைபேசியில் பைத்தான் என்கிற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதாமலே வேலைக்கு வந்து சேர்ந்த பூவாத்தாள், ஒவ்வொரு வால்வுக்கான கட்டளைக்கும் அதைத் திருகுகிறவனின் பெயரையே வைத்தாள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்கள். அவள் செய்தாள், ஒன்பது வருடம் அது நன்றாகவே ஓடியது. எந்த அலுவலகத்திலிருந்து எவர் மாட்யூல் என்கிற அந்தக் கட்டளைத் தொகுப்பைத் திறந்தாலும் மாரப்பன் முதற்கொண்டு எல்லாரும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேலை நடக்கும். ஊரிலும் அப்படித்தான். "மாரப்பா, மூணு நாளா சொட்டுத் தண்ணியில்ல" என்று எவள் கூப்பிட்டாலும் அவன் சோற்றுக் கையோடு எழுந்து போவான்.

பிறகு சிவநேசன் வந்தான். முதலாளியின் தங்கை மகன், முப்பத்தோரு வயது, பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். மேசையைத் தினமும் இரண்டு தடவை ஈரத்துணியால் துடைப்பான், பேனாக்களை உயரவாரியாக அடுக்குவான். கெட்டவன் என்று சொல்ல அப்போது யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை.

"அக்கா, இது மாட்யூலா, சந்தைக்கடையா?" என்றான் முதல் வாரத்திலேயே. "வெளியில இருந்து எட்டிப் பாக்கறவனுக்கு எத்தனை பேரு தெரியுது பாருங்க. நீங்க தேதி பாக்கறதுக்காக எடுத்துட்டு வந்த காலண்டர் வாசல்ல கெடக்குது. எண்ணிக்கைக்கு வெச்ச ஐ, ஜே எல்லாம் அப்படியே கெடக்குது. டெம்ப் ரெண்டுன்னு ஒண்ணு இருக்குதே, அது யாரு?"

"அது அன்னிக்கு ஒரு அவசரத்துக்கு வெச்சதுங்க."

"அஞ்சு வருசமா அவசரம் தீரலையா?"

அதில் நியாயம் இருந்தது. பூவாத்தாள் வெட்கத்தோடு காலண்டரையும் ஐயையும் ஜேயையும் டெம்ப் இரண்டையும் கூட்டித் தள்ளினாள். வாசல் பெருக்கியது போலத்தான் இருந்தது, மனசுக்கும் நிறைவாக இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். அவன் நிற்கவில்லை.

"இந்த ஆளுங்க பேரு எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போட்டுருங்க. கோடு போட்டா உள் ஆள்னு அர்த்தம். வெளிய இருக்கறவன் கூப்பிடக் கூடாது."

"அவங்கதானுங்களே தண்ணி விடறவங்க."

"விடட்டும்க்கா. யாரு வேண்டாம்னா? உள்ள இருந்து விடட்டும்."

அவள் தன் விரலாலேயே தட்டினாள். மாரப்பனின் பெயருக்கு முன்னால் கோடு விழுந்தபோது அது தம்பியின் பெயர் என்ற நினைப்புகூட அவளுக்கு வரவில்லை. அகர வரிசைப்படி அது முதலில் வரக் கூடாதே, ஏன் வந்தது என்றுதான் யோசித்தாள். அவன் வால்வைத்தான் அவள் முதலில் எழுதியிருந்தாள், அதனால் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் கடைவீதியில் மாவு மில் தெய்வாத்தாள், எதிரே சைக்கிளில் போன மாரப்பனைக் கூப்பிட வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. மறந்துபோனது அல்ல. பல்லுக்குப் பின்னால் பெயர் இருந்தது, உதட்டைத் தாண்டவில்லை. இரண்டு தரம் மென்று பார்த்துவிட்டு "ஏய்" என்றாள். அவன் திரும்பினான். மிளகாய்த்தூள் காரத்தில் நாக்கு கட்டிக்கொண்டது என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

மூன்று நாளில் ஊர் அதன் சட்டதிட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வீட்டு நிலைப்படிக்கு உள்ளே அந்த நாற்பத்தோரு பெயர்களும் எப்போதும்போல இருந்தன. அம்மா கூப்பிட்டால் வந்தது, அக்கா கூப்பிட்டால் வந்தது, படியைத் தாண்டினால் இல்லை. எவர்சில்வர் அண்டாவில் வெட்டியிருந்த எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, வெளியே வைத்து வாசித்தால் நாக்கு வழுக்கியது. இதை ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். புருசன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாத பெண்சாதிகளுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. "நாங்க இருபது வருசமா இப்படித்தானுங் காலந்தள்றோம், இதுக்குப் போயி வெசனப்படுவாங்களா?" என்று பொன்னுக்குட்டியின் வீட்டுக்காரி சொன்னாள். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளை பெயரால் பிழைத்தார்கள், கோகிலா அப்பா, தர்னீஷ் அப்பா என்று. நகராட்சித் தலைவர் ஒரு கூட்டத்தில், பெயர் தொலைந்துவிடவில்லை, அவரவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, தெருவில் போட்டு வைத்தால்தான் தேயும் என்று பேசிக் கைதட்டு வாங்கினார். கல்யாணம் ஆகாதவர்கள் மாரப்பனோடு சேர்த்துப் பதிமூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மிஞ்சியது "ஏய்" மட்டும்தான். பதிமூன்று பேருக்கும் ஒரே "ஏய்". தெருவில் யாராவது "ஏய்" என்றால் பதிமூன்று தலைகள் திரும்பும், பன்னிரண்டு தலைகள் ஏமாந்து மறுபடி குனியும். கொஞ்ச நாளில் தலைகள் திரும்புவதை விட்டுவிட்டன.

"கோட்டை எடுத்துப் போடலாமுங்களா சார்?" என்று பூவாத்தாள் கேட்டாள். அவன் சொல்லாமல் ஒரு எழுத்தை மாற்றவும் அவளுக்கு அனுமதி இல்லை.

சிவநேசன் திரையைப் பார்த்தான். வாசலில் இரண்டே பெயர்கள் நின்றன, தண்ணீர் விடு, தண்ணீர் நிறுத்து. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. "எதுக்குக்கா? எல்லாம் ஓடுதுல்ல" என்றான்.

எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாரப்பனுடைய வால்வு, மாவு மில்லுக்கு எதிரே எட்டடி ஆழக் குழிக்குள் இருந்தது. சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து மெயினில் தண்ணீர் விழும். அதற்குள் குழி வேலை முடிந்திருக்க வேண்டும். குழிக்குள் இறங்குகிறவன் கையில் கடிகாரம் கட்டமாட்டான், கைபேசியை நனைக்கமாட்டான். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தெய்வாத்தாள் மில் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் முன்பாக மாவு அரைக்கிற மிசினை நிறுத்திவிட்டு, படியில் நின்று "மாரப்பா, ஏறி வா சாமி" என்று கூப்பிடுவாள். "இதோ வர்றேனக்கா" என்று குழிக்குள்ளிருந்து தலை எழும்பும். பதினோரு வருடமாக அந்தத் தெருவுக்கு அதுதான் மணி.

ஆவணி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மெயின் குழாயின் மூட்டுப் பலகையைக் கழற்றி உள்ளே ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தான் மாரப்பன். தெய்வாத்தாள் மிசினை நிறுத்தினாள். படிக்கு வந்தாள். பல்லுக்குப் பின்னால் இருந்த பெயரைத் தள்ளிப் பார்த்தாள். "ஏய்" என்றாள். தெருவில் அந்த நேரம் மின்கம்பத்தில் ஒருவன், சாக்கடையில் இரண்டு பேர். "ஏய்" யாருக்கோ என்று குழிக்குள் இருந்தவன் நினைத்துக்கொண்டான். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள், தலை எழும்பட்டும் என்று எப்போதும்போலக் காத்தாள், மூன்றாவது தரம் கூப்பிட்டாள், மறுபடி காத்தாள். பிறகுதான், மூட்டு வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். பாதிச் சாலையில் அவள் இருக்கும்போது, கணினி சொன்னபடி, ஒரு நொடி பிசகாமல், தண்ணீர் வந்தது.

மாரப்பனை வெளியே எடுத்தபோது ரப்பர் வளையம் அவன் மணிக்கட்டில் வளையல் போலக் கிடந்தது.

அன்றைக்குப் பொழுது சாயும் முன்பே பூவாத்தாள் மருந்துக்கடை மாடிக்கு ஏறினாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது, செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. சிவநேசன் எழுந்து நின்றான், நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். அதையெல்லாம் குறையில்லாமல் செய்தான்.

"ஒரே ஒரு நாளைக்குக் கோட்டை எடுத்து விடுங்க சார். சுடுகாட்டுல பேரு சொல்லி அழோணும். வெளிய நின்னு அழுதா பேரு வரமாட்டேங்குது."

அவன் வெகுநேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பதை அவள் பார்த்தாள். அதுதான் பின்னால் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒருத்தருக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும்க்கா" என்றான். "நாளைக்கு நகராட்சிக்குப் புது பதிப்பு காட்டறோம். இந்த நேரத்துல வாசல்ல ஆளுங்க நின்னா நல்லா இருக்காது. இன்னொண்ணு, இது உள்ள நடந்த விசயம். அறிக்கையில பேரெல்லாம் வேண்டாம்னு சொல்லிருக்கேன்."

அறிக்கையில் 'பணியாளர் ஒருவர்' என்று இருந்தது.

மயானத்தில், அந்த ஊர் வழக்கப்படி கூடவே வந்த பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு மாரடித்தார்கள். ஒப்பாரி ஒவ்வொரு அடியின் முடிவிலும் பெயரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அந்த இடம் வந்ததும் இருபது வாய்களும் ஒருசேரத் திறந்து, ஒன்றும் இல்லாமல் மூடின. தாளம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பூவாத்தாள் அழவில்லை. அவள் அந்தத் திறந்த வாய்களை எண்ணிக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து நிலைப்படிக்கு உள்ளே காலை வைத்ததும் "மாரப்பா" என்றாள், சுலபமாக வந்தது. அடுக்களையில், கூடத்தில், அவன் படுக்கிற கயிற்றுக்கட்டிலுக்குப் பக்கத்தில், மூன்று இடத்திலும் சொல்லிப் பார்த்தாள். பெயர் அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மொட்டைச் சுவர் போன்ற முகத்தோடு அவள் தட்டிக்கொண்டிருந்ததை, தைரியமான பொம்பளை என்று கம்பெனியில் மெச்சிக்கொண்டார்கள். அவள் காத்துக்கொண்டிருந்தாள். மில்லில் இருந்த காலத்தில், நூல் அறுந்த இடத்தைத் தேடி ஓடக் கூடாது, நூற்புக் கதிர் சுற்றி வரும் வரைக்கும் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று பழகியிருந்தாள்.

ஐப்பசியில் அது சுற்றி வந்தது. சென்னையில் ஏதோ ஒரு கூட்டத்தில் தன் வேலையைக் காட்டப் போவதாக சிவநேசன் சொன்னான், காதோரம் சிவந்திருந்தது.

"கோடு போடறது பழைய வழிக்கா. இப்ப ஒரு பட்டியல் போடுவோம். பட்டியல்ல இருக்கற பேரு மட்டும்தான் பொதுவுக்கு. இல்லாதது எதுவுமே வெளிய போகாது, கோடு இருந்தாலும் இல்லாட்டியும். தண்ணி விடு, நிறுத்துன்னு ரெண்டுகூட எதுக்கு? ஒரே பேரு. ஒரே வாசல். எதுக்கா இருந்தாலும் அதைக் கூப்பிட்டாப் போதும், உள்ள யாரை எழுப்பணுமோ அது எழுப்பிக்கும்."

"ஒரே பேருங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. அழகா இருக்கணும்."

"என்ன பேருன்னு வெக்கிறதுங்க?"

"நீங்களே பாத்து வெய்ங்க."

அவள் வைத்தாள். அவன் பார்வையிட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டிய திரையில் அந்த ஒற்றை வரிப் பட்டியல் வந்தபோது, அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான்.

"என் பேரா?"

"இத்தனையும் சுத்தம் பண்ணது நீங்கதானுங்களே. வேற யாரு பேரு நிக்கோணும்?"

கோடு விழுந்த பெயர்கள் ஊர் வாயிலிருந்து போனதை அவன் அறிவான். அப்படியானால் நிற்கிற பெயர் எப்படி நிற்கும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தான், அந்த எண்ணம் அவனுக்கு இனித்தது. ஒப்புதல் பொத்தானை அவனே அழுத்தினான். மணி பதினொன்றேகால்.

பதினொன்றேகாலுக்குக் கல்மடைப்புதூர் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை அதட்ட வாயைத் திறந்து "சிவநேசா" என்றாள். காய்கறிக் கடையில், லாரிப் பட்டறையில், மாட்டு ஆஸ்பத்திரி வாசலில், யார் யாரைக் கூப்பிட்டாலும் "சிவநேசா" என்றுதான் வந்தது. முன்பு நாற்பத்தோரு பெயர்கள்தான் போயிருந்தன. பட்டியல் அப்படி அல்ல, அதில் இல்லாதது எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. மனிதர் பெயர், ஆட்டின் பெயர், வெளிப்பிரகாரத்துச் சாமிகளின் பெயர், பூவாத்தாளின் பெயரும்தான். வீட்டு நிலைப்படிக்கு உள்ளே எல்லாம் பத்திரம். வெளியே ஒரே ஒரு பெயர்.

பொதுப்பெயர் என்றால் கூப்பிட்டவுடன் எழுந்து போயாக வேண்டும். மாரப்பன் பதினோரு வருடம் அப்படித்தான் போனான். மருந்துக்கடை மாடியில் சிவநேசன், காலில் ஏதோ இழுத்தாற்போல எழுந்தான். முதலில் பள்ளிக்கூடத்துக்கு, பிறகு காய்கறிக் கடைக்கு, பிறகு பட்டறைக்கு என்று மாலைக்குள் அறுபது இடங்களுக்குப் போய்வந்தான். போனால் வந்த வேலையைச் செய்யாமல் திரும்பக் கால் விடவில்லை. மூட்டையைத் தூக்கினான், ஜாக்கியைப் பிடித்தான், சினை மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதையும் ஊர் வாங்கிக்கொண்டது. "ஒத்தைப் பேருதானுங், ஞாபகம் வெச்சுக்க லேசா இருக்குது" என்றார் எழுபது வயது ரேசன் கடைக்காரர். பள்ளியில் வருகைப் பதிவுக்கு முப்பத்தெட்டு தடவை அவனைக் கூப்பிட வேண்டியிருந்ததால், அவன் முப்பத்தெட்டு தடவை வாசலுக்கு வந்து "உள்ளேன் டீச்சர்" சொல்ல, பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே எதிர்பார்க்கத் தொடங்கின. அர்ச்சனைத் தட்டுகள் எல்லாவற்றுக்கும் அவன் பெயரே சொல்லப்பட்டு, ஊரில் இருக்கிற புண்ணியம் முழுக்க அவன் கணக்கில் ஏறியது, அனுபவிக்கத்தான் அவனுக்கு நேரமில்லை. தெருச் சண்டைகள் ஒழிந்தன. ஒருத்தியைப் பெயர் சொல்லித் திட்ட வேண்டுமென்றால் அவளை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துத்தான் திட்ட முடியும், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு திட்டு பாதியாகிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகைகளை உள்ளே வைத்து வாசித்தார்கள். ஓடிவிளையாடும் பிள்ளைகளைக் கூப்பிட அம்மாக்கள் "சிவநேசா" என்பார்கள், அவன் ஓடிவந்து, அந்தந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து விடுவான். முதலாளிக்கும் நகராட்சிக்கும் பரம திருப்தி. ஒரே வாசல், ஒரு புகார் இல்லை.

ஒரு மாதத்தில் அவன் சட்டையின் கழுத்து நைந்தது, மூன்று மாதத்தில் முகம் கறுத்து ஒட்டியது. பேச்சிலும் ஊர் ஏறிக்கொண்டது. "வந்துட்டேங்", "சரிங்", "ஆமாங்" என்று இழுக்க ஆரம்பித்தான். மாரப்பன் போன பிறகு எல்லாரும் இறங்க மறுத்த வால்வுக் குழியில், "சிவநேசா, தண்ணி வரல" என்று நாலு பேர் கூப்பிட்ட அன்று அவன் இறங்கினான். அதையும் கற்றுக்கொண்டான். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தினமும் மருந்துக்கடை மாடிப்படியில் ஏறுவான், ஏழாவது படியிலோ எட்டாவது படியிலோ யாராவது எங்கேயாவது கூப்பிடுவார்கள், திரும்பி இறங்குவான். அவனுடைய மேசையில் தூசு படிந்து கிடந்தது.

ஒரு நாள் ஒன்பதாவது படி வரைக்கும் வந்துவிட்டான். மேலே பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களாச்சும் எடுத்து விடுங்க. தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியலீங்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். யோசிப்பதை அவன் பார்க்கட்டும் என்று யோசித்தாள்.

"ஒருத்தருக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கோணுமுங்" என்றாள்.

லாரி நிலையத்திலிருந்து குரல் வந்தது. அவன் இறங்கிப் போனான். அன்றைக்கு அவள் வயிறார உண்டாள்.

ஆனாலும் பசி தீரவில்லை. மாசி மாதம், மாரப்பன் போன ஆறாவது மாதத் திதி அன்று, பூவாத்தாள் ஒரு முழம் செவ்வந்தியோடு வால்வுக் குழிக்குப் போனாள். மூன்றே முக்கால் மணி. குழி வாயின் இரும்பு மூடி திறந்திருந்தது, உள்ளே ஈர வாசனை. பூவைப் போட்டுவிட்டு, தம்பியை ஒருதரம், அவன் செத்த இடத்தில் நின்று, வெளிக்காற்றில் கூப்பிட்டுவிட வேண்டும் என்று இருந்தது. பட்டியலைப் போட்டவளே அவள்தான், வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்தாள்.

"சிவநேசா" என்று வந்தது. அழுகையோடு வந்தது, தம்பிக்காக எடுத்த மூச்சு முழுவதும் அதில் போய்விட்டது.

அவன் ஓடிவந்தான். கால்சராய் முழங்கால் வரை சேறு. "அக்கா, கூப்பிட்டீங்களா?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"மூட்டுல கசியுது. எறங்கி ரப்பரை மாத்து" என்றாள். அவனை 'ங்க' போடாமல் பேசியது அன்றைக்குத்தான்.

அவன் இறங்கினான். பலகையைக் கழற்றும் சத்தம் கேட்டது. எதிரே மில்லில் மிசின் நின்றது. தெய்வாத்தாள் படிக்கு வந்து, குழியையும் பூவாத்தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மணியாச்சு அம்மிணி. கூப்பிடு."

"நான் கூப்பிட்டுக்கறேனக்கா. நீ உள்ள போ."

"கூப்பிடுவயா?"

பூவாத்தாள் குழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு யார் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் தெய்வாத்தாள் கத்தியிருப்பாள், நாலு வீடு எழுந்து வந்திருக்கும். ஆனால் அன்றைக்கு மூன்று தரம் "ஏய்" என்று சொல்லிவிட்டுக் காத்து நின்ற வாய் அவளுடையது. அந்த வாயோடு இந்த முகத்துக்கு முன்னால் எதையும் சொல்ல அவளுக்கு வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மில் கடிகாரத்தில் ஆறு நிமிடம் இருந்தது. ஐந்து இருந்தது. ஊரிலேயே கூப்பிடக்கூடிய ஒரே பெயர் பூவாத்தாளின் நாக்கில் இருந்தது. பல்லுக்குப் பின்னால் ஒளியவில்லை, உதட்டில் வந்து நின்று துள்ளியது. அவள் உதட்டை மடித்துக் கடித்தாள். கீழே அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தான், ரப்பரைப் பொருத்திப் பொருத்தி எடுத்தான், அடுக்குச் சுத்தமான ஆள் அல்லவா, கோணலாக வைக்க மனம் வராது. மூன்று நிமிடம். மயானத்தில் திறந்து மூடிய இருபது வாய்களை அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு.

அப்போது பின் தெருவில், இதையெல்லாம் பார்க்காத யாரோ ஒருத்தி, வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்துவிட்ட தன் கறுப்பு ஆட்டைக் கூப்பிட்டாள். வாய் நிறைய, செல்லமாக, "சிவநேசா, வாடி இங்க" என்று கூப்பிட்டாள்.

"இதோ வர்றேங்" என்றது குழி.

தலை எழும்பியது, தோள் எழும்பியது, அவன் பூவாத்தாளைத் தாண்டி ஆட்டைத் தேடி ஓடினான். அவன் குதிகால் சந்து திரும்பியபோது தண்ணீர் வந்தது. வெறும் குழியில் இடித்து, செவ்வந்தியைத் தூக்கி அவள் காலடியில் வீசியது.

அவள் மில் படியில் போய் உட்கார்ந்தாள். தெய்வாத்தாள் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன், ஆட்டைக் கட்டிவிட்டு, குழியை எட்டிப் பார்க்க வந்தான். நுரைத்துச் சுழல்கிற தண்ணீரைப் பார்த்தான், பிறகு கடிகாரத்தை, பிறகு அவளை. எதையும் கேட்பதற்குள் கீழத் தெருவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனான். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது விளங்கியது. செத்திருந்தால் இந்தக் குரலுக்கு அவன் போக வேண்டியதில்லை. அடுத்த குரலுக்கும் வேண்டியதில்லை. நல்லவேளை, அத்தனை பெரிய ஓய்வை அவனுக்குத் தன் கையால் கொடுத்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பட்டியலை அவள் தொடவில்லை. பெயர் அப்படியே நிற்கிறது. மூன்றே முக்காலுக்குக் கம்பெனியிலிருந்து இறங்கி, மாவு மில் வரைக்கும் நடந்து, குழி மேட்டில் நிற்கிறாள். தெய்வாத்தாள் மிசினை நிறுத்துகிறாள். தெருவில் போகிறவர்கள் நின்று தலையைத் திருப்புகிறார்கள், ஏனென்றால் அந்தக் கூப்பிடலை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்றுதான் அவள் கூப்பிடுகிறாள். ஒரு ஆளைக் குழிக்குள்ளிருந்து எப்படிக் கூப்பிட வேண்டும், எத்தனை நிமிடம் முன்னால் கூப்பிட வேண்டும் என்று நாற்பதாயிரம் பேருக்கும் தினமும் ஒருதரம் காட்டுகிறாள். அந்தப் பெயரைத் துப்புகிற மாதிரிதான் தொடங்குவாள். பாதியில் குரல் மாறிவிடும், அதை அவளால் தடுக்க முடிந்ததில்லை.

"சிவநேசா, ஏறி வா சாமி."

"இதோ வர்றேனக்கா."

தலை எழும்புகிறது. அது வேறு தலை என்று தெரிந்தும் கடைசிப் படி ஏறுகிற வரைக்கும் பார்க்கிறாள். பிறகு தண்ணீர் வருகிறது. பிறகு வீட்டுக்குப் போய், நிலைப்படிக்கு உள்ளே வலது காலை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள் ஆளின் பெயரைச் சொல்கிறாள்.